கிரேக்கக் கேள்விச் சொற்கள்: எல்லாமே ‘ப’வில் தொடங்குகின்றன, எப்படி நினைவில் வைப்பது?

நெய்தல்

வணக்கம் நண்பர்களே. ஏதென்ஸுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. கிப்ஸேலி பகுதியில் வீடு. கணவருக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். காய்கறி, மருந்துக்கடை, பேருந்து எல்லாம் என் பாடு. இளம் வயதினர் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுகிறார்கள். வாராவாரம் தெருவில் கூடுகிற சந்தையிலும், அடுக்குமாடியில் இருக்கிற பாட்டிகளிடமும் கிரேக்கம் பேசினால்தான் கதை நடக்கும்.

முதலில் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதி சமையலறையில் ஒட்டினேன். தி என்றால் என்ன, ப்யோஸ் என்றால் யார், பூ என்றால் எங்கே, போதே எப்போது, போஸ் எப்படி, போசோ எவ்வளவு, யதீ ஏன். தாளைப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. ஆள் முன்னால் நின்றால் பூ, போஸ், போசோ எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

போன வாரம் சாயங்காலம் ரொட்டிக் கடையில் ‘ரொட்டி இருக்கிறதா?’ என்று கேட்டேன். கடைக்காரர் புருவத்தை உயர்த்தி, முகவாயை மேலே தூக்கி, நாக்கால் ‘த்ஸ்’ என்று ஒரு சத்தம் விட்டார். நம் ஊரில் முகவாயைத் தூக்கினால் ‘என்ன?’ என்று கேட்பதாகத்தானே அர்த்தம்? நான் சரியாகச் சொல்லவில்லை போல என்று மறுபடி கேட்டேன். மறுபடி அதே. மூன்றாவது முறையும் கேட்டேன். பின்னால் நின்ற அம்மா என் கையைத் தொட்டு, காலியான அலமாரியைக் காட்டினார். அது ‘இல்லை’ என்ற சைகையாம்.

எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கப்பல்காரன்

வாங்க சகோதரி. கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பலில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். எனக்குக் கிரேக்கம் வந்தது கப்பலின் மூத்த அதிகாரிகளிடமிருந்துதான், புத்தகம் எதுவும் இல்லை.

உங்கள் தாளில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. ‘போதே’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதில் அழுத்தம் எங்கே? முதல் அசையை அழுத்தினால் ‘எப்போது’. இரண்டாவதை அழுத்தினால் ‘ஒருபோதும் இல்லை’. எழுத்துகள் அதேதான், அழுத்தம் மட்டும் இடம் மாறுகிறது. துறைமுகத்தில் நான்கு நாளாகக் கிடந்தபோது ‘எப்போது கிளம்புகிறோம்?’ என்று முதன்மை அதிகாரியிடம் கேட்கப் போனேன். நான் அழுத்திய இடம் தப்பு. அவர் காதில் விழுந்தது ‘கிளம்பவே மாட்டோம்’ என்பது மாதிரி. அவர் என்னை உட்காரவைத்து, மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். முதல் தட்டு பலமாக, இரண்டாவது மெதுவாக. பத்து முறை என்னைச் சொல்லவைத்த பிறகுதான் விட்டார். அந்த மேசைத் தட்டல் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அதனால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. முதல் வேலை காதைப் பழக்குவது.

இலக்கணப்பித்தன்

கப்பல்காரன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்கு நம் எழுத்திலேயே ஒரு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். அழுத்தம் விழுகிற அசையை நெடிலாகவும், மற்றதைக் குறிலாகவும் எழுதுங்கள். எப்போது என்பது போத்தெ. ஒருபோதும் என்பது பொத்தே. எவ்வளவு என்பது போஸொ. ஏன் என்பது யத்தீ. நாம் குறிலையும் நெடிலையும் தப்பாகப் படிக்கவே மாட்டோம், கண் பட்ட மாத்திரத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தகரத்தை இரட்டித்திருப்பதையும் கவனியுங்கள். ‘அது’ என்ற சொல்லில் வருகிற த மெலிந்து ஒலிக்கும், ‘பத்து’வில் வருவதுதான் கிரேக்கரின் ‘தாவ்’ எழுத்துக்கு நெருக்கம். ‘அது’வின் மெலிந்த ஒலிக்கு அவர்களிடம் வேறு எழுத்தே இருக்கிறது, தெல்தா. ஆகவே ஒற்றைத் த போட்டால் வேறு எழுத்தைச் சொன்னதாகிவிடும். இன்னொரு நல்ல செய்தி, கிரேக்கர் ப, த, க மூன்றையும் மூச்சு சேர்க்காமல் நம்மைப் போலவே சொல்கிறார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஊதி ஊதிச் சொல்லிப் பிறகு திருத்திக்கொள்வார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் கிடையாது.

‘எல்லாமே ப’ என்பது குறை இல்லை அம்மா, அதுதான் பிடிமானம். தமிழில் எப்போது, எங்கே, எப்படி, எவ்வளவு எல்லாம் எகரத்தில் தொடங்கவில்லையா? அதேபோல அங்கே ப என்பது கேள்வியின் முத்திரை. நாம் எகரத்தை அகரமாக்கினால் சுட்டு வருகிறது: எப்போது, அப்போது, எவ்வளவு, அவ்வளவு. அவர்கள் ப-வைத் த ஆக்குகிறார்கள். போத்தெ எப்போது, தோத்தெ அப்போது. போஸொ எவ்வளவு, தோஸொ அவ்வளவு. முதன்முதலில் இதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இது ஓடாது. எங்கேக்குப் பூ, அங்கேக்கு எக்கீ. எப்படிக்குப் போஸ், அப்படிக்கு ஏத்ஸி.

அப்புறம், முன்னால் ‘கா’ சேர்த்தால் நம் ஓகாரம் சேர்த்த மாதிரி: காப்பு என்றால் எங்கோ, காப்பொத்தெ என்றால் எப்போதோ, காப்பொஸ் என்றால் எப்படியோ, காப்யொஸ் என்றால் யாரோ. ஆக, ஏழு சொல்லைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் ஒரு குடும்பமாகப் பாருங்கள்.

க்ரீட் வாசி

ஐயா சொன்ன குடும்பக் கதை அருமை. ஆனால் நெடில் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. க்ரீட் தீவில் உணவகச் சமையலறையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன், அதனால் சொல்கிறேன். கிரேக்கத்தில் குறில், நெடில் என்ற வேறுபாடு இன்றைக்கு இல்லை. உயிர் ஒலி ஐந்தே ஐந்து. அழுத்தம் விழுகிற இடம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். நம் ஆட்கள் ‘போ...த்தெ’ என்று இழுத்தால் பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது.

அதைவிட, கிரேக்க எழுத்து 24தான், ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் எங்கே என்று அவர்களே ஒரு சின்னக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறார்கள். கடைப் பலகையிலிருந்து பேருந்து அட்டவணை வரைக்கும் அந்தக் கோடு இருக்கும், முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் மட்டும் விட்டுவிடுவார்கள். இவ்வளவு வசதி செய்துவைத்திருக்கும்போது நாம் ஏன் தமிழில் எழுதிச் சுற்றி வர வேண்டும்?

சொற்பட்டியலையும் கிழித்துப் போடுங்கள் அக்கா. முழு வாக்கியமாகப் பழகுங்கள். ஏனென்றால் ‘என்ன’ வரவேண்டிய இடத்தில் அவர்கள் ‘எப்படி’ போடுவார்கள், ‘எப்படி’ இடத்தில் ‘என்ன’ போடுவார்கள். பெயர் கேட்க போஸ் ஸெ லேனெ, அதாவது ‘உன்னை எப்படிச் சொல்கிறார்கள்’. நலம் விசாரிக்க தி கானிஸ், அதாவது ‘என்ன செய்கிறாய்’. பட்டியலை வைத்துக்கொண்டு தமிழிலிருந்து மாற்றினால் இரண்டும் தப்பாகப் போகும். பெரியவர்களிடம் போஸ் ஸஸ் லேனெ, தி கானெத்தெ என்று கேளுங்கள். நம் நீ, நீங்கள் அப்படியே அங்கேயும் இருக்கிறது.

காபி சொல்லப் போனால் முதலில் போஸ் தொன் பீனெத்தெ என்று கேட்பார்கள், ‘எப்படிக் குடிப்பீர்கள்?’ என்று. பேச்சில் அது ‘தொம்பீனெத்தெ’ என்று ஒட்டிக்கொள்ளும். இதற்கு ‘நன்றாக’ என்று பதில் சொல்லக் கூடாது. சர்க்கரை வேண்டாம் என்றால் ஸ்கேத்தொ, நடுத்தரம் என்றால் மேத்ரியொ, தித்திப்பு என்றால் க்ளிக்கோ. கிரேக்கக் காபியைச் சின்னக் கைப்பிடிப் பாத்திரத்தில் தூள், தண்ணீர், சர்க்கரை மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பொங்கவைப்பார்கள். பிறகு சர்க்கரை சேர்த்துக் கலக்கினால் அடியில் படிந்த வண்டல் மேலே வந்துவிடும். அதனால் அந்தக் கேள்விக்கு அடுப்பில் வைக்கும் முன்பே பதில் சொல்லியாக வேண்டும்.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. எழுத்து கற்கத் தொடங்கிவிட்டேன் தம்பி. ஆனாலும் ஐயா சொன்ன போத்தெ, பொத்தே ஒரே நாளில் மனதில் உட்கார்ந்துவிட்டது, அதையும் விட மாட்டேன்.

இப்போது அடுத்த சந்தேகம். ‘யார்’ என்பதற்கு ப்யோஸ், ப்யா, ப்யோ என்று மூன்று வருகிறதே? போஸொவும் சில இடத்தில் போஸ, போஸி, போஸெஸ் என்று மாறுகிறது. அப்புறம் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளில் கேள்விச் சொல்லே கண்ணில் படவில்லை. ‘இருக்கிறதா’வில் உள்ள ஆ மாதிரி ஏதாவது சேர்க்க வேண்டுமா?

இலக்கணப்பித்தன்

ப்யோஸ், ப்யா, ப்யோ என்பது எவன், எவள், எது. பன்மையும் உண்டு. ‘யார்’ போல எல்லோருக்கும் பொதுவான சொல் அங்கே இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டால் மட்டும், வெளியே நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியாதல்லவா, ப்யோஸ் ஈனெ என்று ஆண்பாலிலேயே கேட்பார்கள். ‘எந்த’ என்ற பொருளும் இதே சொல்லுக்குத்தான். எந்தப் பேருந்து, எந்தத் தெரு என்று கேட்கும்போது பேருந்து என்ன பால், தெரு என்ன பால் என்று தெரிந்திருக்க வேண்டும். பேருந்து அஃறிணைப் பால், ஆகவே ப்யோ. வேற்றுமைக்கும் உருவம் மாறும்: யாரோடு என்றால் மெ ப்யோன். நம் ‘ஓடு’ பின்னால் ஒட்டும், அவர்களுடைய ‘மெ’ முன்னால் நிற்கும்.

‘தி’ ஒன்று மட்டும் மாறவே மாறாது. நம் ‘என்ன’வின் உடன்பிறப்பு அது. என்ன மணி, என்ன நிறம் என்று எதன் முன்னாலும் நிற்கும். வியப்புக்கும் அதுவேதான். ‘என்ன அழகு!’ என்பது தி ஒரேய. ‘என்ன குளிர்!’ என்பது தி க்ரீயொ. இந்த இடத்தில் தமிழ் வாக்கியத்தை அப்படியே தூக்கி வைக்கலாம்.

போஸொவுக்கு எவ்வளவு, எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். அளக்கிற பொருளுக்கு ஒருமை, எண்ணுகிற பொருளுக்குப் பன்மை. தண்ணீர் எவ்வளவு என்றால் போஸொ. பிள்ளைகள் எத்தனை என்றால் போஸ. பணம் மட்டும் அவர்களிடம் பன்மைச் சொல், அதனால் ‘எத்தனை பணம்’ என்றுதான் கேட்க வேண்டும். விலை கேட்பதற்கு இந்தக் கவலை ஏதும் வேண்டாம், போஸொ கானி என்றால் முடிந்தது.

நம் ஆகாரம் மாதிரி ஒட்டு எதுவும் கிரேக்கத்தில் இல்லை. ஏஹெத்தெ ப்ஸொமீ என்றால் ‘ரொட்டி வைத்திருக்கிறீர்கள்’. ‘ரொட்டி வைத்திருக்கிறீர்களா’ என்பதும் அதே இரண்டு சொல்தான். குரல்தான் கேள்வி. கடைசியில் குரல் ஏறி இறங்க வேண்டும். நாம் ஆகாரத்தை நம்பியே வளர்ந்தவர்கள், குரலைத் தட்டையாக விட்டுவிடுவோம். கடைக்காரருக்கு அது செய்தி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு பொடிச் சொல் சொல்கிறேன், விலைமதிப்பில்லாதது: மீப்பொஸ். கேள்வியின் தலையில் வைத்தால் குழைவு வந்துவிடும். நம் ‘தெரியுமோ?’, ‘இருக்குமா?’ போல. மீப்பொஸ் க்ஸேரெத்தெ பூ ஈனெ இ ஸ்தாஸி, ‘நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று தெரியுமோ?’ அறிமுகம் இல்லாதவரிடம் வெறுமனே ‘பூ’ என்று ஆரம்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கப்பல்காரன்

ஒன்று சேர்க்க வேண்டும். யாராவது சொன்னது காதில் விழவில்லை என்றால் ‘தி?’ என்று கேட்காதீர்கள். நம் வெடுக்கென்ற ‘என்ன?’ மாதிரி இருக்கும். ஒரீஸ்தெ என்று கேளுங்கள். தொலைபேசி எடுத்தாலும் அதையே சொல்லலாம்.

இன்னொன்று, ‘ஆம்’ என்பதற்கு அவர்கள் சொல்வது நெ. நம் காதுக்கு மறுப்பு மாதிரி விழும், இந்தி தெரிந்தவர்களுக்கு இன்னும் குழப்பம். இல்லை என்பதற்கு ஓஹி. கேள்வி எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் இந்த இரண்டும் பழகாவிட்டால் பதில் தலைகீழாகத்தான் புரியும்.

நிரல்வாணன்

நான் கணினி ஆள், எழுத்துப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. கிரேக்கத்தில் கேள்விக்குறி நமக்குத் தெரிந்த கொக்கி கிடையாது. அரைப்புள்ளிதான் அவர்களுடைய கேள்விக்குறி, இதோ இது: ‘;’. அரைப்புள்ளியின் வேலையை வரிக்கு மேலே வைக்கும் ஒற்றைப் புள்ளி செய்கிறது. கிரேக்க விசைப்பலகையில் கேள்விக்குறி ஆங்கில ‘க்யூ’ இருக்கும் இடத்தில் வரும். நம் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் அந்த அழுத்தக்கோடு. நெய்தல் அக்கா, வீட்டு உரிமையாளர் அனுப்பும் செய்தியில் அரைப்புள்ளியைப் பார்த்து ‘வாக்கியம் முடியவில்லை போல’ என்று காத்திருக்க வேண்டாம், அவர் உங்கள் பதிலுக்குக் காத்திருப்பார்.

எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் யுனிகோடில் கிரேக்கக் கேள்விக்குறிக்குத் தனி இடமே இருக்கிறது, பார்வைக்கு அரைப்புள்ளியிலிருந்து துளியும் வேறுபாடு தெரியாது. நிரலில் அது தெரியாமல் ஒட்டிக்கொண்டால் பிழை எங்கே என்று தேடியே ஒரு பொழுது போய்விடும்.

க்ரீட் வாசி

அழுத்தக்கோடு பற்றி நிரல்வாணன் சொன்னதும் ஞாபகம் வந்தது. 1982க்கு முன்னால் மூன்று வகை அழுத்தக்குறிகளும் மூச்சுக்குறிகளும் போட்டு எழுதினார்கள், அந்த ஆண்டுதான் ஒரே கோடாகச் சுருக்கினார்கள். ஓரசைச் சொல்லுக்குக் கோடு வேண்டாம் என்பது விதி. ஆனால் பூவும் போஸும் கேள்வியாக வந்தால் கட்டாயம் போட வேண்டும். கோடு இல்லாத பூ ‘வந்த ஆள்’, ‘வாங்கிய வீடு’ என்பதில் நாம் பெயரெச்சத்தால் செய்கிற வேலையைச் செய்கிறது. கோடு இல்லாத போஸ் ‘என்று’. படிக்கும்போது அந்தக் கோட்டைப் பார்த்தால்தான் அது கேள்வியா இல்லையா என்று புரியும்.

யத்தீ பற்றி யாரும் சொல்லவில்லையே? ‘ஏன்’ என்பதும் அதுதான், ‘ஏனென்றால்’ என்பதும் அதுதான். எங்கள் உணவக முதலாளியின் பேத்திக்கு நான்கு வயது. நாள் முழுக்க யத்தீ, யத்தீ என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பாட்டி பொறுமை தீர்ந்ததும் யத்தீ ஏத்ஸி என்பார், ‘ஏனென்றால் அப்படித்தான்’. கேள்வியில் குரல் மேலே போகும், பதிலில் கீழே இறங்கும். அந்த இருவரையும் கேட்டுக்கேட்டுத்தான் எனக்குக் கேள்விக் குரலே பிடிபட்டது.

கிராமத்துப் பக்கம் போனால் இன்னொரு கேள்வி வரும். பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளை நிறுத்தி தீனொஸ் ஈஸெ என்பார்கள், ‘நீ யாருடையவன்?’ பெயர் கேட்கவில்லை, எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறார்கள். ‘யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?’ என்று என் தாத்தா தெருவில் கேட்டதை அந்தத் தீவில் வேறு மொழியில் கேட்டபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை எனக்கு.

நெய்தல்

தம்பி, படித்ததும் எனக்கும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

ஐயா, ஒரு கேள்வி. இந்த ப எங்கிருந்து வந்தது? என் மகள் பள்ளியில் இந்தி படித்தவள். ‘கப், கஹான், கௌன் எல்லாம் க, இங்கே எல்லாம் ப, ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா?’ என்று கேட்கிறாள்.

இலக்கணப்பித்தன்

மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். சம்பந்தம் நிச்சயம் இருக்கிறது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூலத்தில் உதட்டைக் குவித்துச் சொல்லும் ஒரு ககரம் இருந்ததாக மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள், ‘க்வ’ மாதிரி. லத்தீனில் அது க்விஸ், க்வோத் என்று அப்படியே நின்றது. சமஸ்கிருதத்தில் உதட்டுக் குவிப்பு போய்க் ககரம் மட்டும் மிஞ்சியது: கஹ, கிம், கதா. கிரேக்கத்தில் ஒகரத்துக்கு முன்னால் பகரமாகவும், இகர எகரத்துக்கு முன்னால் தகரமாகவும் திரிந்தது. அதனால்தான் உங்கள் தாளில் ‘தி’ மட்டும் தனித்து நிற்கிறது. அதுவும் அதே குடும்பம்தான். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் எரோதோத்தஸ் எழுதிய அயோனிய வட்டாரக் கிரேக்கத்தில் பூவுக்குக் கூ, போஸுக்குக் கோஸ் என்று ககரத்தோடேயே வருகிறது. உங்கள் மகள் அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

இந்தச் சின்னச் சொற்கள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. அரிஸ்டாட்டில் உலகத்தைப் பற்றி நாம் சொல்லக்கூடியதையெல்லாம் பத்து வகையாகப் பிரித்தாரே, அதில் நான்குக்கு வைத்த பெயர் கேள்விச் சொற்களிலிருந்து வந்ததுதான்: எவ்வளவு, எத்தகையது, எங்கே, எப்போது. ‘எத்தகையது’ என்ற சொல்லோடு ஒரு விகுதி சேர்த்துத் ‘தன்மை’ என்ற பொருளில் புதுச்சொல் ஆக்கியவர் பிளேட்டோ. அது இன்றைக்கும் ப்யோத்தித்த என்ற வடிவில் ‘தரம்’ என்ற பொருளில் வழங்குகிறது. போஸோத்தித்த என்றால் அளவு. உங்கள் பகுதிப் பல்பொருள் அங்காடியில் மாவு, எண்ணெய் உறைகளில் தேடிப் பாருங்கள், இரண்டும் கண்ணில் படும். ப்யோவும் போஸொவும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

க்ரீட் வாசி தம்பி, நெடில் விஷயத்தில் உங்கள் கண்டிப்பை ஏற்கிறேன். இழுக்கக் கூடாது. எழுத்து கைவரும் வரைக்கும் ஓர் அடையாளம், அதற்கு மேல் வேண்டாம்.

நெய்தல்

இன்று சந்தை நாள். நடந்ததை எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

தக்காளி விற்பவரிடம் போஸொ கானி என்று கேட்டேன். விலை சொன்னார், எண் புரிந்தது. இரண்டு கிலோ வாங்கினேன். பையை நீட்டிக்கொண்டே தீப்பொத்த ஆலொ என்றார். ‘தி’ என்று தொடங்கியதால் என்ன கேட்கிறார் என்று ஒரு நொடி தடுமாறினேன். அப்புறம் அவர் குரல் ஏறி இறங்கியதைக் கவனித்து, ‘வேறு ஏதாவது?’ என்று புரிந்துகொண்டேன். மீப்பொஸ் போட்டுக் கொத்தமல்லி இருக்குமா என்று கேட்டேன். அவர் முகவாயைத் தூக்கி ‘த்ஸ்’ என்றார். நான் மறுபடி கேட்கவில்லை. நன்றி சொல்லி நகரும்போது அவரே கூப்பிட்டார்.

அப்போ பூ ஈஸ்தெ, எங்கிருந்து வருகிறீர்கள்?

இந்தியா என்றேன். அடுத்து போத்தெ என்று தொடங்கி ஒரு நீளமான கேள்வி கேட்டார். போத்தெ மட்டும் பளிச்சென்று காதில் விழுந்தது, மீதி எதுவும் புரியவில்லை. ஒரீஸ்தெ என்றேன். அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னார்.